மூடு தெரியட்டும்: ஆழமாக நட்டுவிட்ட கன்றைச் சரிசெய்வது எப்படி?



சென்ற ஆண்டு துலாமழையை நம்பி மையவாடி மதிலோரத்திலும் பள்ளிக்குப் போகும் பாதையிலும் நம் அறக்கட்டளை சார்பில் 40 கன்றுகள் நட்டோம். வேம்பு, புங்கை, நாவல், மகிழம், வாதாம், சில ஒட்டுமா, சில பலா. அந்தச் செய்தியை இதே இதழில் மகிழ்ச்சியோடு எழுதியிருந்தோம். இப்போது எழுதுவதும் அதே கன்றுகளைப் பற்றித்தான். ஆனால் இது ஒரு தவறை ஒப்புக்கொள்ளும் கட்டுரை. அந்தத் தவறை எப்படித் திருத்தினோம் என்ற பாடமும் கூட. வீட்டு முற்றத்தில் கன்று வைத்திருக்கும் எல்லாருக்கும் இது உதவும் என்று நம்புகிறோம்.

வைகாசி மாதம் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது ஒரு தாயார் வாசலில் நின்றிருந்தார். காலஞ்சென்ற கணவருக்காக ஸதக்கத்துல் ஜாரியாவாக ஒரு நாவல் கன்றுக்குப் பணம் தந்தவர். "எங்க மாப்பிளைக்க பேருல வச்ச மரமாக்கும் தம்பி. ஒரு நாளும் நான் தண்ணி முடக்கல. ஆனா இலையெல்லாம் வெளுத்துப் போய் நிக்குது. என்ன குத்தம் செய்தேன்னு தெரியலியே" என்றார். யாரோ அவரிடம் கண்ணேறு என்று சொல்லியிருக்கிறார்கள். வேறு யாரோ, தண்ணீர் போதவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அதை நம்பி அவர் காலையும் மாலையும் ஒவ்வொரு குடம் ஊற்றி வந்திருக்கிறார்.

போய்ப் பார்த்தோம். அவருடைய கன்று மட்டுமல்ல, வரிசையில் பாதிக்கு மேல் அதே கோலம். சித்திரைக்குள்ளேயே ஒன்பது கன்றுகள் பட்டுப்போயிருந்தன. அவற்றை வெயிலின் கணக்கில் எழுதிவிட்டுச் சும்மா இருந்துவிட்டோம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள், பக்கத்துத் தோப்பில் தென்னைக்கு வட்டப்பாத்தி எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரை அழைத்து வந்து காட்டினோம். நாற்பது ஆண்டுகளாக மண்வெட்டி பிடிக்கும் கை அவருடையது. கன்றின் அருகில் குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் மண்ணை வாரினார். வாரிக்கொண்டே போனார். முழங்கை பாதி மறைந்த பிறகும் தண்டு கம்பி மாதிரி நேராகவே இறங்கிக்கொண்டிருந்தது. "சாயிபே, இதுக்க மூடு எங்க? கழுத்து வரைக்கும் மண்ணப் போட்டு மூடிட்டியளே, மூச்சு விடாண்டாமா?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

மூடு என்று நம் நாஞ்சில் நாட்டில் சொல்வது மரத்தின் அடியை. தண்டு முடிந்து வேர் தொடங்கும் இடத்தில் மரம் கொஞ்சம் அகன்று, யானைக் கால் போல விரிந்து மண்ணைத் தொடும். புத்தகங்களில் இதை வேர்க்கழுத்து என்கிறார்கள். தானாக முளைத்து வளர்ந்த எந்தப் பெரிய மரத்தையும் பாருங்கள், ஆலோ புளியோ வேம்போ, இந்த விரிவு கண்ணுக்குத் தெரியும். மின்கம்பத்தைப் போல நேராக மண்ணுக்குள் இறங்கும் மரத்தைக் கண்டால், ஒன்று மண் பின்னால் ஏறியிருக்க வேண்டும், இல்லையென்றால் நட்டவர் ஆழமாக நட்டிருக்க வேண்டும்.

இங்கே ஒரு வரலாற்றை நினைவுகூர்வது பொருந்தும். ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்கள் மதீனாவில் அடிமையாக இருந்தபோது, 300 பேரீச்சங்கன்றுகளை நட்டு வளர்த்துக் கொடுப்பதும் 40 ஊக்கியா தங்கம் தருவதும் அவர்களுடைய விடுதலைக்கு விலையாக எழுதப்பட்டன. தோழர்கள் முப்பது, இருபது, பதினைந்து, பத்து என்று தங்களால் இயன்ற அளவு கன்றுகள் கொடுத்தார்கள். குழிகளைத் தோண்டச் சொல்லிவிட்டு, நபி (ஸல்) அவர்கள் தாமே வந்து தம் கரத்தால் கன்றுகளை வைத்தார்கள். ஷமாயில் திர்மிதியில் புரைதா (ரலி) அவர்களின் அறிவிப்பில் இன்னொரு செய்தியும் வருகிறது. அந்த ஆண்டே எல்லா மரங்களும் காய்த்தன, ஒன்றைத் தவிர. அது என்ன என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டபோது, அதை நட்டவர் தாம்தான் என்று உமர் (ரலி) அவர்கள் சொன்னார்கள். நபியவர்கள் அதைப் பிடுங்கி மறுபடி நட்டார்கள், அதுவும் காய்த்தது.

இது நபியவர்களின் முஃஜிஸா என்பதே உலமாக்களின் விளக்கம். அந்தக் கன்று ஏன் காய்க்கவில்லை என்று அறிவிப்பில் இல்லை. ஆழம்தான் காரணம் என்று நம் வசதிக்கு இழுத்துப் பொருள் சொல்ல நாம் துணிய மாட்டோம். ஆனால் இரண்டு விஷயங்கள் வெளிப்படையாக இருக்கின்றன. நட்டது நான்தான் என்று உமர் (ரலி) அவர்கள் தயங்காமல் சொன்னார்கள். சரியாக அமையாத கன்றை அப்படியே விட்டுவிடாமல் எடுத்து மறுபடி நட்டார்கள் நபியவர்கள். அந்த முதல் விஷயத்தை முன்மாதிரியாகக் கொண்டுதான் சொல்கிறோம்: மையவாடிக் கன்றுகளை நட்டது நாம்தான்.

எப்படி நேர்ந்தது என்று கூடி உட்கார்ந்து யோசித்தோம். ஒரு தவறல்ல, மூன்று தவறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருந்தன.

முதலாவது, நர்சரிப் பையிலேயே இருந்தது. சிறு பையிலிருந்து பெரிய பைக்கு மாற்றும்போது மேலே மண்ணை நிரப்பிவிடுகிறார்கள். பையின் மேல்மட்டம்தான் கன்றின் தரைமட்டம் என்று நினைத்து நட்டோம். உண்மையான மூடு அதற்கும் இரண்டு அங்குலம் கீழே இருந்தது.

இரண்டாவது, குழி. ஆழமாகத் தோண்டினால் நல்லது என்று எந்திரம் வைத்து மூன்றடிக் குழி எடுத்தோம். அடியில் சாணி எருவும் தளர்ந்த மண்ணும் கொட்டி, அதன் மேல் கன்றை வைத்தோம். அன்றைக்குக் கன்று தரைமட்டத்தில்தான் நின்றது. துலாமழை பெய்ததும் அந்தத் தளர்ந்த மண் அமுங்கியது, எரு மக்கிச் சுருங்கியது, கன்றும் அதோடு சேர்ந்து இறங்கியது. சில இடங்களில் நான்கு அங்குலம் இறங்கியிருந்தது.

மூன்றாவது, காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று எப்படி வீசும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. முப்பந்தலில் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. போதாததற்கு 2017 நவம்பர் 30-ஆம் நாளின் ஒக்கி இன்னும் நம் மனத்தை விட்டுப் போகவில்லை. கன்று பள்ளத்தில் நிற்பதைப் பார்த்ததும், காற்றுக்குச் சாயாமல் இருக்கட்டும் என்று சுற்றிலும் மண்ணை அணைத்து மேடாக்கினோம். நல்லெண்ணத்தில் செய்ததுதான். அதுவே கழுத்தை நெரித்துவிட்டது.

ஒக்கியில் சாய்ந்த மரங்களின் அடியை அப்போது பார்த்தவர்கள் நினைவுபடுத்திப் பாருங்கள். பெயர்ந்து நின்ற வேர்கள் ஆணி போலவா இருந்தன? பெரிய தட்டுப் போல, அகலமாகவும் அதிக ஆழமில்லாமலும் இருந்தன. மரத்தின் பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணில் முதல் ஒன்றரை இரண்டு அடிக்குள்தான் பரவுகின்றன. அந்தத் தட்டு எவ்வளவு அகலமோ அவ்வளவுக்கு மரம் உறுதி. தண்டை ஆழமாகப் புதைப்பதால் அந்த உறுதி வருவதில்லை.

வேருக்குத் தண்ணீர் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். மண் துகள்களுக்கு இடையிலுள்ள இடைவெளியில் இருக்கும் காற்றைத்தான் வேர் சுவாசிக்கிறது. கீழே போகப் போக அந்தக் காற்று குறையும். அங்கே தண்ணீரும் தேங்கினால் சுத்தமாக இல்லாமல் போகும். பட்டையின் கதை வேறு. வேரின் தோல் ஈரத்தில் வாழ்வதற்கென்று அமைந்தது. தண்டின் பட்டை வெளிக்காற்றுக்கென்று அமைந்தது. அதை மாதக்கணக்கில் ஈரமண்ணில் புதைத்தால் பூஞ்சணம் ஏறி அழுகும். இலையில் உண்டாகும் உணவு பட்டையின் உள்பக்கம் வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. பட்டை அழுகினால் வேர் பட்டினி கிடக்கும், வேர் செத்தால் மேலே தண்ணீர் ஏறாது. இலை சிறுத்து, வெளுத்து, நுனிக்கிளை காய்ந்து, பார்ப்பவர் கண்ணுக்குத் தண்ணீர் இல்லாத கன்று போலவே தோன்றும். அந்தத் தாயார் இரண்டு குடம் ஊற்றியது இப்படி ஏமாந்துதான். குற்றம் அவருடையதல்ல என்று அவரிடம் நேரில் போய்ச் சொன்னோம்.

எவ்வளவு ஆழம் வரை பரவாயில்லை என்று சிலர் கேட்டார்கள். அமெரிக்காவின் டெக்ஸாஸில் தொட்டிக் கன்றுகளை நட்டுப் பார்த்து 2005-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வேர்க்கழுத்து மூன்று அங்குலம் மட்டும் கீழே போனதற்கே பிழைத்த கன்றுகளும் குறைந்தன, வளர்ச்சியும் குறைந்தது. நம்முடையவை அரை அடிக்கும் மேல் இருந்தன.

நம் ஊரில் இந்தத் தவறு ஏன் இவ்வளவு சாதாரணமாக நடக்கிறது என்றால், நாம் தென்னையையும் வாழையையும் நட்டுப் பழகிய மக்கள். தென்னைக்கு மூன்றடிக் குழி வெட்டி, குழிக்குள்ளேயே பிள்ளையை வைத்து, வளர வளர மண் இறக்குகிறோம். அது சரியான முறைதான். தென்னை தன் தண்டின் அடிப்பாகத்திலிருந்து ஆயுள் முழுக்கப் புதுப்புது வேர்களை விட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு மண் அணைத்தால் பலம். வாழைக் கன்றும் ஆழத்தைத் தாங்கும். பூவரசம் போத்தும் முருங்கைப் போத்தும் வெறும் கம்புகள். புதைந்த பகுதியிலிருந்துதான் வேர் வர வேண்டும், ஆகையால் ஆழமாக ஊன்றலாம். வேம்பு, புங்கை, நாவல், மா, பலா, வாதாம், மகிழம் இவையெல்லாம் அந்த இனம் அல்ல. ஒட்டுமாவில் இன்னொரு எச்சரிக்கை: ஒட்டுப் போட்ட இடம் எக்காரணம் கொண்டும் மண்ணுக்குள் போகக்கூடாது. தென்னையில்கூட, மழையில் மண் கரைந்து பிள்ளையின் கழுத்தை மூடினால் அதை அப்போதைக்கப்போது நீக்கிவிட வேண்டும் என்றுதான் வேளாண் துறையினர் சொல்கிறார்கள்.

இனி திருத்தும் முறை. இடவப்பாதியின் தூறலும் மூடாப்புமாக இருந்த நாட்களில், அஸருக்குப் பிறகு இந்த வேலையைச் செய்தோம். கடும் வெயிலில் செய்யாதீர்கள்.

முதலில் அளந்து பாருங்கள். பழைய சைக்கிள் சக்கரத்தின் கம்பி ஒன்று போதும். தண்டிலிருந்து மூன்று நான்கு விரல் தள்ளி, சுற்றிலும் நான்கைந்து இடத்தில் மெதுவாகக் குத்துங்கள். முதல் கெட்டியான வேர் எந்த ஆழத்தில் தட்டுகிறது என்று தெரியும். பிறகு கையாலோ கொத்தனார் கரண்டியாலோ மண்ணை விலக்குங்கள். தண்டை ஒட்டி மண்வெட்டி வேண்டாம். பட்டையில் காயம் பட்டால் நாம் தேடிப் போன நோய்க்கு நாமே வாசல் திறந்துவிட்டதாகும். வழியில் நூல் போன்ற மெல்லிய வேர்கள் தண்டிலிருந்து கிளம்பியிருக்கும். அவை மூச்சுமுட்டிய கன்று அவசரத்துக்கு விட்டவை. அவற்றைப் பார்த்து இதுதான் மூடு என்று நின்றுவிடாதீர்கள், கீழே போங்கள். விரல் தடிமனுள்ள வேர்கள் நாலாபக்கமும் பிரியும் இடம்தான் மூடு.

இரண்டு அங்குலத்துக்குள் மூடு கிடைத்துவிட்டால் கன்றை அசைக்கவே வேண்டாம். மேலேயுள்ள மண்ணை எடுத்துவிட்டு, தண்டிலிருந்து வெளிப்பக்கமாக இரண்டு மூன்றடி அகலத்துக்குச் சரிவாக இழுத்துவிட்டால் போதும். கிணறு போலக் குழியாக விட்டால் மழைத்தண்ணீர் அதில் தேங்கி, பழைய நோவே திரும்பும். பள்ளமான பக்கம் ஒரு சிறு வாய்க்கால் கீறிவிடுங்கள்.

மூடு அதைவிடக் கீழே இருந்து, கன்று நட்டு ஓராண்டுக்கு உட்பட்டதாகவும் இருந்தால், தூக்கி நடுவதுதான் நல்லது. நம்முடையவை எட்டு மாதக் கன்றுகள், அதனால் துணிந்தோம். முந்தின நாள் நன்றாகத் தண்ணீர் விட்டு மண்ணை இறுகப் பிடிக்கச் செய்தோம். மறுநாள் தண்டிலிருந்து ஓரடி, ஒன்றேகால் அடி தள்ளி வட்டமாக வெட்டிக்கொண்டு, பிறகு சாய்வாக அடிப்பக்கம் போனோம். குறுக்கே வந்த வேரைக் கடப்பாரையால் நசுக்காமல் கூரான அரிவாளால் ஒரே வெட்டாக நறுக்கினோம். மண்கட்டி விடுபட்டதும் ஈரச்சாக்கு ஒன்றை அடியில் நுழைத்து, நான்கு மூலையையும் நான்கு பேர் பிடித்துத் தூக்கினோம். தண்டைப் பிடித்து இழுக்கவே கூடாது. முதல் கன்றில் நம் இளைஞர் ஒருவர் ஆர்வத்தில் தண்டைப் பிடித்துத் தூக்க, மண்கட்டி பாதி உதிர்ந்துபோனது. பெரியவரிடம் நல்ல வசவு கிடைத்தது.

தூக்கிய பிறகு குழியின் அடியில் மண் போட்டு, தண்ணீர் தெளித்து, ஏறி நின்று மிதித்து இறுக்கினோம். இந்த ஒரு வேலையில் சோம்பல்பட்டால் எல்லாம் வீண். கன்று மறுபடி இறங்கிவிடும். குழியின் குறுக்கே நேரான கம்பு ஒன்றை வைத்து மட்டம் பார்த்தோம். மூடு அந்தக் கம்புக்குச் சமமாக அல்ல, ஒரு விரல் இரண்டு விரல் மேலே நிற்க வேண்டும். எப்படியும் கொஞ்சம் அமுங்கும். பையின் வடிவில் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்த வேர்களை இந்தச் சந்தர்ப்பத்திலேயே நறுக்கிவிட்டோம். விட்டால் பின்னாளில் அவை தண்டையே கயிறு போல இறுக்கும். எடுத்த மண்ணையே திரும்பப் போட்டு மூடினோம். குழிக்குள் எரு வைக்கவில்லை. எருவை மேலே, தண்டிலிருந்து தள்ளித் தூவினால் மழை அதைக் கீழே கொண்டுசேர்க்கும்.

காற்றுக்கு, இரண்டு பக்கமும் கம்பு நட்டு, பழைய சேலைத் துணியைக் கிழித்து எட்டு வடிவில் தளர்வாகக் கட்டினோம். கொஞ்சம் ஆடினால்தான் தண்டு தடிக்கும். ஓராண்டில் கட்டை அவிழ்த்துவிட வேண்டும். சருகும் தேங்காய் மட்டையும் மூன்று அங்குலம் பரப்பினோம். ஆனால் தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் வெறுமையாக விட்டோம். தண்ணீர் நாள்தோறும் இல்லை. சருகை விலக்கி இரண்டு அங்குலம் விரலால் தோண்டிப் பார்த்து, மண் காய்ந்திருந்தால் மட்டும்.

பலாக் கன்றுகளைத் தூக்கவில்லை. பலா தன் ஆணிவேரைத் தொட்டால் பொறுக்காது. அவற்றுக்கு மண்ணை மட்டும் அகலமாக இறக்கினோம். நட்டு இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகிவிட்ட எந்த மரத்துக்கும் இதே வழிதான். பட்டை கறுத்து, விரலால் அழுத்தினால் பொதுபொதுவென்று இருந்து, அந்த அழுகல் சுற்றளவில் பாதிக்கு மேல் போயிருந்தால் அந்தக் கன்றை எடுத்துவிட்டுப் புதிதாக நடுவதே மேல்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். இப்போது வீடு கட்டும்போதும் மதில் எழுப்பும்போதும் முற்றத்தைச் செம்மண்ணோ கல்சிப்ஸோ கொட்டி ஒன்றரை அடி, இரண்டடி உயர்த்துகிறோம். மயிலாடியில் கல்பட்டறைக் கழிவுக்குப் பஞ்சமே இல்லை. அப்போது வாப்பா காலத்து மாமரமும் அயினியும் புதைகின்றன. அவை உடனே சாவதில்லை. மூன்று நான்கு ஆண்டு கழித்து உச்சியிலிருந்து காயும், அப்போது காரணம் யாருக்கும் தோன்றாது. மரத்தைச் சுற்றித் திண்டு கட்டி உள்ளே மண் நிரப்புவதும் இதே தவறுதான். முற்றம் உயர்த்துவதற்கு முன்னால் மரத்தைச் சுற்றி அகலமாக, பழைய மட்டத்திலேயே இடம் விட்டு, வடிகாலும் வையுங்கள்.

பேரீச்சைக்கு மகரந்தம் சேர்க்கும் விஷயத்தில் மதீனாவின் தோட்டக்காரர்களிடம், உங்கள் உலகக் காரியங்களை நீங்களே நன்கு அறிவீர்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னது முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. துறை அறிந்தவரிடம் கேட்காமல் ஆர்வத்தை மட்டும் வைத்து நட்டோம் என்பது நமக்கு அப்போது உறைத்தது. திருப்பதிசாரம் வேளாண் ஆராய்ச்சி நிலையமும் பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. அடுத்த முறை குழி வெட்டுவதற்கு முன் அங்கே போய்க் கேட்போம்.

கணக்கு: 40 கன்றுகளில் பட்டுப்போனவை 9. தூக்கி நட்டவை 17. மண் மட்டும் இறக்கியவை 14. தூக்கி நட்ட பதினேழில் இரண்டு இன்னும் தெளியவில்லை. மற்றவற்றில் புதுத் துளிர் வந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். பட்ட ஒன்பதுக்கும் பணம் தந்த குடும்பங்களின் பட்டியல் நம்மிடம் உண்டு. ஆலிம்களிடம் கேட்டபோது, அமானிதத்தைச் சுமந்தவரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பை அவரே ஈடுசெய்ய வேண்டும் என்றார்கள். ஆகையால் அந்த ஒன்பது கன்றுகளும் அறக்கட்டளைப் பணத்தில் அல்லாமல் நிர்வாகிகளின் சொந்தப் பணத்தில் வாங்கப்படும். வரும் துலாமழையின் தொடக்கத்தில், பழைய இடங்களிலேயே, அதே மர்ஹூம்களுக்காக நடப்படும், இன்ஷா அல்லாஹ். குழி இம்முறை பையின் உயரத்துக்கு மேல் ஆழமாக இராது. அகலம் அதைப்போல் மூன்று மடங்கு இருக்கும்.

நாவல் கன்றுக்குரிய தாயார் இப்போது வாரம் இரண்டு முறைதான் தண்ணீர் ஊற்றுகிறார். ஊற்றும் முன் மண்ணைத் தோண்டிப் பார்க்கிறார். சென்ற வெள்ளிக்கிழமை நம்மைக் கூப்பிட்டு மூன்று துளிர்களைக் காட்டினார்.

உங்கள் வீட்டுக் கன்றிலும் மூடு தெரியவில்லை என்றால் அலுவலகத்தில் சொல்லுங்கள். சாக்கு, கடப்பாரை, அளக்கும் கம்பி எல்லாம் அங்கே இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு நம் இளைஞர்கள் நான்கு பேர் வருவார்கள். முந்தின நாளே தண்ணீர் விட்டு வைத்திருங்கள்.